குழந்தையின் தட்டிலிருந்து பறிக்கப்படும் முட்டை

மத்தியப் பிரதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.7 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 72.7 சதவீதம் பேர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு அளிக்கும் விவரம் இது. ஆனால் இதே மாநிலத்தில்தான், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் யோசனை மீண்டும் மீண்டும் கைவிடப்பட்டது.

மூன்று மாவட்டங்களில் சோதனை முறையில் முட்டை வழங்கும் திட்டத்தை 2015இல் முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் நிராகரித்தார். 2019இல் கமல்நாத் அரசு அதை மீண்டும் முன்வைத்தது. 2020இல் ஆட்சி மாறியதும், முட்டைக்குப் பதிலாகப் பால் என்று சௌஹான் அறிவித்தார்.

பால் நல்ல உணவுதான். அதையும் வழங்கட்டும். ஆனால் பாலில் தண்ணீர் கலக்கலாம், அளவைக் குறைக்கலாம். முட்டையில் அது இயலாது. புரதமும், வைட்டமின் ஏ, பி12 ஆகிய சத்துகளும் ஒருசேர அடங்கிய அந்த ஓட்டுக்குள் எந்த ஒப்பந்ததாரரும் கைவைக்க முடியாது.

இது மக்களின் பண்பாடு என்ற வாதமும் பொய்யானது. அம்மாநில மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பழங்குடியினர். தலித் மக்களும் கணிசமாக உள்ளனர். முட்டையும் இறைச்சியும் இவர்களின் வழக்கமான உணவு. ஆனால் வறுமையால் அவை அன்றாடம் கிடைப்பதில்லை. வீட்டில் கிடைக்காததை அங்கன்வாடியிலும் கிடைக்காமல் செய்வது, ஒரு பிரிவினரின் உணவு நெறியை ஏழைக் குழந்தைகளின் வயிற்றின் மீது திணிப்பதேயாகும்.

மகாராஷ்டிராவில் இது வேறு வடிவம் எடுத்தது. 2023இல் பள்ளி மதிய உணவில் முட்டை சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்கான நிதியை மாநில அரசு நிறுத்தியது. முட்டை வேண்டுமெனில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கொள்ளலாம் என்று பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. உரிமையை அரசு தர்மமாக மாற்றிவிட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளி மாணவர்களுக்கு முட்டை வழங்கப்பட்டபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். கொப்பளம் மாவட்டம் கங்காவதியில் மாணவிகளே வெளிப்படையாக அவர்களுக்குப் பதிலளித்தனர். திட்டம் நிற்கவில்லை, பின்னர் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ தரப்பட்டது. எவருடைய நம்பிக்கையும் இதனால் புண்படவில்லை.

மாநில அரசுகளை மட்டும் குற்றம் சொல்லி ஒன்றிய அரசைத் தப்பவிட முடியாது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் தர வேண்டும் என்றது 2013இல் இயற்றப்பட்டபோது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு முட்டையில் மட்டும் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. ஆனால் அங்கன்வாடிக் குழந்தையின் துணை உணவுக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை நாளொன்றுக்கு 8 ரூபாய். ஒரு முட்டையின் விலையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிச்சத்தில் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எதை வாங்குவது? நிதியைச் சுருக்கி வைத்துவிட்டு ஊட்டச்சத்து மாதம் கொண்டாடுவது ஏமாற்று வேலை.

அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் விரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் முட்டை, உண்ணாதோருக்கு இணையான மாற்று உணவு என்பது நாடு முழுவதற்குமான சட்டப்பூர்வ உரிமையாக வேண்டும். அதற்கான தனி நிதியை ஒன்றிய அரசு ஒதுக்க வேண்டும். விலைவாசி உயர்வுக்கேற்ப அதை ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். முதல் சில ஆண்டுகளில் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் எந்தத் திட்டத்தாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. ஆட்சிகள் மாறும் வரை குழந்தைகளின் உடல் காத்திருக்காது.