வைத்தியம் விலைச்சரக்கா?

"புதிய கருவி, புதிய மருந்து எல்லாம் விலை கூடிவிட்டது, நல்ல வைத்தியம் வேண்டுமானால் பணம் கட்டத்தான் வேண்டும்" என்கிறார்கள் தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகள். சோழவந்தானில் நாற்று நடும் பெண்ணும், மதுரை மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளியும் இதை நம்ப வேண்டுமாம்!

நாம் நம்பமாட்டோம். இதைப் பொய்யாக்கும் சாட்சி நம் மதுரையிலேயே இருக்கிறது.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அக்காலத்தில் அந்நியச் சரக்கு. விலை 100 டாலருக்கு மேல். ஏழைக்குக் கிடைத்தது தடித்த மூக்குக்கண்ணாடிதான். 1992-ல் இதே மதுரையில் ஆரோலேப் அந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு விழுந்தது. பிறகு இன்னும் இறங்கியது. அப்படியானால், முன்பு வாங்கிய அந்த 90 டாலர் எந்த நோயைக் குணமாக்கியது?

கண்ணுக்கு மட்டுமா? இருதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டைப் பாருங்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என உச்சவிலை வைத்தது. ஆஸ்பத்திரிகள் 654 சதவீதம் வரை லாபம் வைத்ததாக அந்த ஆணையமே கணக்குக் காட்டியது. இது வைத்தியமா, வழிப்பறியா? ஸ்டென்டுக்கு உச்சவிலை வைக்க முடிந்தால், அறை வாடகைக்கும் பரிசோதனைக் கட்டணத்துக்கும் ஏன் முடியாது?

"இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறதே" என்பார்கள். அட்டையால் ஆபரேஷன் நடந்து பிழைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அட்டை. தினம் விழுங்கும் மாத்திரைக்கும், படுத்த நாளில் இழந்த கூலிக்கும் அது உதவாது. மக்கள் பணத்தில் ஒரு பங்கோ தனியார் கல்லாவில் விழுகிறது.

மில் தொழிலாளிக்கு 1948-ம் வருஷச் சட்டம் ஈ.எஸ்.ஐ.யைத் தந்தது. 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் என்ன செய்தது? முதலாளி கட்டும் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தது. தொழிலாளியின் பங்கையும் 1.75-லிருந்து 0.75 ஆக்கியது. சில்லறையைத் தொழிலாளி கையில் கொடுத்து, பெரும் பங்கை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தது! வயலில் உழைக்கும் கூலிக்கோ ஈ.எஸ்.ஐ.யே இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டுவதில் என்ன வேகம்? தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார் பிரதமர். 2022-ல் சேர்ந்த முதல் 50 மாணவர்களுக்குத் தோப்பூரில் கட்டிடமில்லை. ராமநாதபுரத்தில் பாடம் நடந்தது!

தோழர்களே! மதுரையில் லென்ஸ் மலிந்தது ஒரு அறக்கட்டளையின் முயற்சியால். அதைப் பாராட்டுவோம். ஆனால் நல்லவர் ஒருவர் வருவாரென்று நோய் காத்திருக்குமா? உயிர் காக்கும் மருந்தையும் கருவியையும் பொதுத்துறையில் தயாரிக்க வேண்டும். தனியார் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. வேண்டும். ஒன்றியந்தோறும் டாக்டரும் மருந்தும் குறையாத சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டும்.

நாம் தர்மம் கேட்கவில்லை. ஊரை வாழவைக்கும் உழைப்பாளி, உயிர்வாழும் உரிமையைக் கேட்கிறான். மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இக்குரல் ஒன்றாக எழட்டும்!