ஆற்றுக்கும் பைக்குக்கும் ஒரு சட்டம்

வார இறுதி நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். பைக்கை எடு, ஆற்றங்கரையில் டென்ட் போடு, பரிசலில் ஒரு சுற்றுப் போய் வா. இந்த ஆசை இப்போது பெரம்பலூர், அரியலூர் பக்கமும் வந்திருக்கிறது. வரட்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், அரியலூருக்குத் தெற்கெல்லையாக ஓடும் கொள்ளிடம் என்று பார்க்க நிறையவே இருக்கிறது.

இந்த ட்ரிப் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு பட்டியல் ஞாபகத்துக்கு வரும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், 2015 திருத்தம் ஒரு பகுதியைச் சேர்த்தது. ஆறு, ஓடை, குளம், கிணறு, படித்துறை, சாலை ஆகியவற்றைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்துவதைத் தடுத்தால் குற்றம். பொது இடத்தில் அவர்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பும் புத்தாடையும் அணிவதையும் தடுத்தால் குற்றம். நாம் ஜாலியாகப் போடும் திட்டத்தின் இரண்டு முக்கிய விஷயங்கள், ஆறும் பைக்கும், வன்கொடுமைச் சட்டத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. சட்டம் எழுதியவர்கள் இதைக் கற்பனை செய்யவில்லை. நடந்ததைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

எழுதிய பிறகும் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அரியலூர் மாவட்டத்துக்கே வருவோம். 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது, வீடுகள் நொறுக்கப்பட்டன. ரைடு போகிறவர்களுக்கு அந்த ஊர் மேப்பில் ஒரு புள்ளி. அங்கிருப்பவர்களுக்கு அது அப்படியில்லை.

சுற்றுலா போன இடத்தில் சாதி குறுக்கே நிற்பது புதிதுமில்லை. 1934இல் அண்ணல் அம்பேத்கர் சுமார் முப்பது தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை வாசலில் இருந்த குளத்தில் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூட்டம் கூடி மிரட்டியது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலரைக் கூடவே அனுப்பினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கார் வாங்கியபோது அவர்களுக்கும் இதே கேள்வி வந்தது. எந்த ஊரில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம்? 1936இல் நியூயார்க்கின் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் அதற்காகவே ஒரு கையேடு வெளியிட்டார். நம்மிடம் அப்படி அச்சிட்ட கையேடு கிடையாது. அம்மாக்கள் வாய்வழியாகச் சொல்வதுதான் உண்டு. 'அந்தத் தெரு வழியா போகாத. அந்தக் கடையில வண்டிய நிறுத்தாத. இருட்டுறதுக்குள்ள வந்துடு.'

நானும் நண்பர்களோடு இப்படிச் சுற்றுகிறவன்தான். ஒருமுறை கொள்ளிடக் கரையில் டென்ட் பையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. ஒருவன் பட்டென்று பதில் சொன்னான். அவனுக்கு அது வெறும் விலாசம். இன்னொருவன் எதுவும் பேசாமல், பிரித்த துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தான். ஒரே கேள்வி, ஒரே கரை, ஒரே நண்பர் கூட்டம். ஆனால் இருவரும் வந்த பயணம் ஒன்றல்ல.

"கூலி இருக்கிறது, நிலம் இருக்கிறது, ஆணவக்கொலை இருக்கிறது. டென்ட் போடுவதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ஓய்வு என்பது ஆடம்பரம் அல்ல, மனிதர் மனிதராக வாழ அது வேண்டும் என்று காந்தியத்தை எதிர்த்து 1945இல் வாதிட்டவர் அம்பேத்கர். உழைக்க மட்டுமே ஒரு கூட்டம், ரசிக்க இன்னொரு கூட்டம் என்று பிரித்ததுதானே சாதி? வேலைக்காக ஆற்றில் இறங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மணல் அள்ளலாம், துணி வெளுக்கலாம். சும்மா கால் நனைக்க இறங்கும்போதுதான் 'எந்தத் தெரு' என்ற கேள்வி வருகிறது. சும்மா இருக்கும் உரிமையும் சமத்துவத்தின் பகுதிதான்.

அதனால் அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். கரைவெட்டி, சாத்தனூர், கொள்ளிடக் கரை போன்ற இடங்களில் சுற்றுலாத் துறையே கழிப்பறை, விளக்கு, காவலோடு பொது முகாம் இடங்களை அமைக்கட்டும். தனியார் தோப்பில் தங்குவதென்றால் தோப்புக்காரரின் தயவு வேண்டும். அரசு முகாமில் டிக்கெட் போதும். பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15(2) சொல்வது அப்போதுதான் தரையில் இறங்கும்.

நம்மிடமும் சில கேட்க வேண்டும். எங்கே தங்குவது என்பதைக் குழுவில் அதிக ஆபத்து யாருக்கோ அவர் முடிவு செய்யட்டும். 'லோக்கல் கான்டாக்ட்' என்றால் ஊர்த்தெருப் பெரிய வீடு மட்டும்தானா? காலனியில் தோழர்களைத் தேடுங்கள். அங்கே சாப்பிடுங்கள், உரிய காசைக் கொடுங்கள். அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு, முக்கொம்பில் தண்ணீர் திறந்தால் கொள்ளிடம் பெருகும். ஆற்றை அறிந்தவர் சொல்வதைக் கேட்டு இறங்குங்கள். குழுமூர் வழியாகப் போனால் அனிதா பெயரிலான நூலகத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். யாரையாவது தெருவைக் கேட்டு மடக்கினால், "பிரச்சினை வேணாம், வாங்க போகலாம்" என்று நழுவாதீர்கள். உங்களுக்குப் பிரச்சினை வராது என்பதால்தான் நீங்கள் பேச வேண்டும். தேவைப்பட்டால் சாட்சியாகக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த ட்ரிப்புக்கு ஹெல்மெட், டார்ச், கயிறு என்று பட்டியல் போடும்போது அந்த மூன்றாம் பிரிவையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அது தேவைப்படாத நாள் வரும்வரை நம் ரைடுகளும் இயக்க வேலைதான்.