வாத்தியம் வாசித்த பெண்களின் சரித்திரம்

சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள், பாடியவர்களுக்கு முதல் அத்தியாயங்களையும், பக்கவாத்தியக்காரர்களுக்குப் பின் அத்தியாயங்களையும் ஒதுக்கிய பிறகு, வாத்தியத்தைக் கையில் எடுத்த பெண்களுக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் தந்ததாகத் தெரியவில்லை. வீணை ஒன்றுக்கே விலக்கு உண்டு. தனம்மாளின் பெயர் இன்றும் பக்தியோடு உச்சரிக்கப்படுகிறது. ஆனால் மிருதங்கமும் கடமும் நாகஸ்வரமும் பயின்ற பெண்களைப் பற்றி, சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வரையிலோ, மறுபக்கம் சிதம்பரம் வரையிலோ உள்ள ஊர்களில் விசாரித்துப் பார்த்தால், சங்கீதத்தில் தேர்ச்சியுள்ளவர்கள்கூட ஓரிரு பெயர்களோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் அப்பெண்கள் சாமான்யமானவர்கள் அல்லர். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910-இல் பிறந்த ரங்கநாயகி அம்மாள், லயத்தில் நிகரற்றவர் என்று பெயரெடுத்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று, ஆண்களே வாசித்துவந்த அந்த வாத்தியத்தோடு கச்சேரி மேடைக்கு வந்தார். மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விரும்பியபோது, பெண்ணின் விரல்களுக்கு அது கடினமான வாத்தியம் என்று கட வித்வான் விக்கு விநாயக்ராம் தயங்க, விநாயக்ராமின் தந்தையார் ஹரிஹர சர்மா தாமே முன்வந்து கற்றுக்கொடுத்தார். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் அருகில் வாழ்கிறவர்களுக்குச் சுட்ட மண்ணின் இறுக்கத்தைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. கனத்த சுவரும் பெருத்த எடையும் கொண்ட மானாமதுரைக் கடத்தின்மேல் மணிக்கணக்காகச் சாதகம் செய்யும் விரல்கள் என்ன பாடுபடும் என்பதை அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். சங்கீத நாடக அகாதமி 2014-ஆம் ஆண்டுக்கான விருதைச் சுகன்யாவுக்கு அளித்தது.

இவர்கள் எல்லோரையும்விட என் மனத்தை வருத்துவது மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயின் வாழ்க்கை. பெண் நாகஸ்வரம் வாசிப்பது என்பது கேள்விப்படாத காலத்தில், பாலப் பருவத்திலேயே அந்தப் பெரு வாத்தியத்தைப் பழகி, திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசித்துப் பெரும்புகழ் ஈட்டிய அந்த அம்மையார், கணவர் காலமான பின் வாத்தியத்தை ஒதுக்கி வைக்க நேர்ந்தது. நாகஸ்வரம் மங்கல வாத்தியம். விதவை அதை வாசிப்பது அமங்கலம் என்பது சமூகத்தின் தீர்ப்பு. மூச்சும் விரலும் ஞானமும் குறைவின்றி இருக்க, ஒரு மரணத்தின் பெயரால் ஒரு கலை வாயடைக்கப்பட்டது. 2012-இல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின. அவர் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அருகில் தவில் வாசித்தவர் யார், சீவாளி கட்டிக்கொடுத்தவர் யார், சுவாமி புறப்பாட்டில் இரவெல்லாம் வெறுங்காலோடு நடந்து வாசித்த ஒரு பெண்ணுக்கு ஊர் என்ன மரியாதை செய்தது என்பனவற்றை விஸ்தாரமாகக் கேட்டு எழுதிவைக்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்ததா?

சபாக்களின் ஆண்டு மலர்களும் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுகளும் மேடையேறியவர்களையே பதிவு செய்யும். கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் வாழ்நாளைக் கழித்தவர்களின் சரித்திரம் வேறு இடங்களில் கிடக்கிறது: பழைய கல்யாணப் பத்திரிகையின் கீழ்மூலையில் ‘மங்கல இசை’ என்ற தலைப்பின் கீழ் அச்சான ஒரு பெயரில், கோயில் கணக்கில் மேளத்துக்குக் கொடுத்த தொகையில், நாகஸ்வரத்தில் சீவாளிகளோடு சேர்ந்து தொங்கும் ஊசியின் தேய்மானத்தில். இவற்றைப் படித்தறியும் ஆற்றல் வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு இராது. அடுத்த வீட்டுக்காரருக்கு உண்டு. பி.எம். சுந்தரம் அவர்கள் நாகஸ்வர, தவில் கலைஞர்களைப் பற்றி ‘மங்கல இசை மன்னர்கள்’ என்ற நூலையும், தேவதாசி மரபில் வந்த பெண்களைப் பற்றி ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ என்ற நூலையும் எழுத முடிந்ததற்கு, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புதல்வராக அந்தக் குலத்துக்குள்ளேயே அவர் பிறந்து வளர்ந்தது ஒரு முக்கியமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்த உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில், பைனி வுட்ஸ் என்ற பள்ளியின் மாணவியரைக் கொண்டு 1937-இல் தோன்றிய ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்னும் ஜாஸ் குழுவில், எக்காளமும் சாக்ஸபோனும் டிரம்மும் வாசித்தவர்கள் எல்லோரும் பெண்கள். கறுப்பினப் பெண்களோடு வெள்ளையினப் பெண்களும் சேர்ந்து வாசித்ததால், தென் மாகாணங்களில் போலீசுக்குப் பயந்து வெள்ளையர் முகத்தில் மை பூசிக்கொண்டு பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. 1945-இல் ஜெர்மனிக்குச் சென்று ராணுவ வீரர்களுக்கு வாசித்த அந்தக் குழு, சில ஆண்டுகளில் கலைந்து, ஜாஸ் சரித்திர நூல்களிலிருந்தும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கான்சாஸ் நகரத்து இசை ரசிகர்கள் நடத்திய பெண்கள் ஜாஸ் விழாவில் 1980-இல் அவர்களை மறுபடியும் ஒன்றுகூட்டி மரியாதை செய்தார்கள். 1986-இல் ஆவணப்படம் வந்தது. ஷெரி டக்கர் என்ற அறிஞர் அக்காலத்துப் பெண் வாத்தியக் குழுக்களில் வாசித்தவர்களைத் தேடிக் கண்டு பேசி, 2000-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். முதலில் ஊர் அழைத்தது, பிறகு படம் வந்தது, அதன் பிறகே நூல் என்ற இந்தக் கிரமத்தை நாம் கவனிக்க வேண்டும்.

நம்முடைய வட்டாரத்தில் இதற்கு வேண்டிய ஸ்தாபனங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழக இசைத்துறை இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்கிறது. மாணவர்கள் ஒலிப்பதிவு செய்யட்டும். ஆனால் கேள்விகளைத் தயாரிக்கும்போது மேளக்காரக் குடும்பத்துப் பெரியவர்களும், எல்லாரையும்விட அந்தப் பெண்களும் உடன் இருக்க வேண்டும். கர்ப்பிணியாக இருந்த மாதங்களில் நாகஸ்வரத்துக்கு மூச்சு எப்படிக் கொடுத்தாய், அச்சாரம் வாங்கியது யார், ஆணுக்குக் கொடுத்த சம்பளத்தை உனக்கும் கொடுத்தார்களா, உன்னோடு மேடையில் உட்கார மறுத்தவர் உண்டா என்ற கேள்விகளை, நாலு பேர் எதிரில் கேட்கலாமா, தனியாகக் கேட்க வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். சொன்னதை எழுதியபின் அவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்; நீக்கச் சொன்னதை நீக்க வேண்டும். ஒலிப்பதிவின் ஒரு பிரதி குடும்பத்தாரிடமும், மற்றொன்று ஊர் நூலகத்திலும் தங்க வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கு உரிய சன்மானமும் தர வேண்டும், பேசுகிறவரும் உழைப்பாளியே. இந்த நிபந்தனைகள் இன்றி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து போவது, ஏற்கெனவே பறிகொடுத்தவர்களிடமிருந்து மறுபடியும் பறிப்பதாகும்.

காளீஷாபி மஹபூப் தம் கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்ந்து நாகஸ்வரத்துக்காக 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றதும், அ. கன்யாகுமரி வயலினுக்காக 2016-இல் சங்கீத கலாநிதி ஆனதும் மகிழ்ச்சி தரும் செய்திகள். விருது வாங்கியவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. விருதின் நிழல் படாதவர்களுக்கு ஊரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர்களில் பலருக்கு வயதும் ஆகிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகையோ, அச்சாரச் சீட்டோ, வாத்தியத்தோடு ஒரு பெண் நிற்கும் புகைப்படமோ இருந்தால், தயைகூர்ந்து அதன் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். அந்தப் பெண் உயிரோடிருந்தால், முதலில் அவரிடம் போய் அனுமதி கேளுங்கள்.