‘ஒரு குறையும் வரக்கூடாது’



“தங்கச்சி, செய்து முடிச்ச வேலையைத் திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டே இருக்கிறன். ஒண்டிலயும் திருப்தி இல்லை. இதுவும் ஒரு வருத்தமோ?”

நீர்வேலியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் ஓர் அக்கா என்னிடம் மெல்லக் கேட்ட கேள்வி இது. கூட்டத்தில் எழுந்து கேட்க அவருக்குக் கூச்சம். இதே கேள்வி வேறு வேறு சொற்களில் பல பெண்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன். அந்த அக்காவின் அனுமதியைப் பெற்று, அவரை இனங்காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் வீட்டில் இருந்தபடி பாடசாலைச் சீருடை தைப்பவர். கணவரை 2009இல் வன்னியில் இழந்தவர். பிள்ளைகள் இருவர். சட்டையின் கொலர் ஒரு நூல் அளவு சரிந்திருந்தாலும் பிரித்துவிடுவார். திரும்பத் தைப்பார், திரும்பவும் பிரிப்பார். பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும். படலை பூட்டியதா, அடுப்பு அணைந்ததா, தெறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எழுந்து பார்ப்பார். யாராவது “வடிவாய்த் தைச்சிருக்கிறியள்” என்றால் அது காதில் ஏறாது. “கை கொஞ்சம் நீளமோ?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் அது ஒரு கிழமைக்கு மனதில் நிற்கும்.

அந்த மூன்று மணி விழிப்பை நாம் பதகளிப்பு என்கிறோம். பிழையே வரக்கூடாது என்ற பிடிவாதத்தை உளவியலாளர்கள் பூரணத்துவ மனப்பாங்கு என்பார்கள். பதகளிப்பு கூடக்கூடப் பிடிவாதமும் கூடும். பிடிவாதம் கூடினால் சின்னப் பிழையும் பெரிய பயமாகிவிடும்.

எங்கள் பெண்களுக்குப் பதகளிப்பு காரணமில்லாமல் வந்ததல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எது கையில் இருந்ததோ அதுதான் மிஞ்சியது. அந்த இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் அநேகமான வீடுகளில் ஒரு பை தயாராக இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பு. இரவில் சின்னச் சத்தத்துக்கும் எழும்பிய தாய்தான் பிள்ளைகளைப் பங்கருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்று உயிரைக் காத்த பழக்கம் இது. யுத்தம் முடிந்த செய்தி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் எழுதிய நூலின் பெயரே ‘மனவடு’ என்பது. வடுவுள்ளவரை நாம் பலவீனமானவர் என்று சொல்வதில்லையே.

பூரணத்துவப் பிடிவாதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நான் சமூகவியல் படித்தவள் என்பதால் இது என் கண்ணில் முதலில் படுகிறது. கனடாவைச் சேர்ந்த போல் ஹெவிற், கோர்டன் பிளெற் என்ற உளவியலாளர்கள் 1991இல் இந்த மனப்பாங்கை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது. மற்றது, பிறரிடம் அதை எதிர்பார்ப்பது. மூன்றாவது, ஊர் என்னிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்பி வாழ்வது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் நான் காண்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். கணவன் உள்ள வீட்டுப் பிள்ளை சோதனையில் குறையப் புள்ளி எடுத்தால் “பிள்ளை படிக்கேல்லை” என்பார்கள். கணவன் இல்லாத வீட்டில் அதுவே “தாய் கவனிக்கேல்லை” என்றாகிவிடும். இந்த அநியாயத்தை அந்தப் பெண்ணின் மனக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. மாறவேண்டியதில் பாதி எங்கள் ஊரின் வாய்.

தாய்மார் ஒருவரை அறிந்திருப்பது நல்லது. டொனால்ட் வினிகொற் என்பவர் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர். 1953இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்று எழுதினார். கைக்குழந்தையின் தேவைக்கு முழுவதுமாக ஈடுகொடுக்கும் தாய், பிள்ளை வளர வளரச் சிறிது சிறிதாக அதைக் குறைத்துக்கொள்கிறாள். அந்தச் சின்னக் குறைகளைத் தாங்கிக்கொண்டுதான் பிள்ளை உலகத்தைப் பழகுகிறது என்பது அவருடைய கருத்து.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழில் ‘தன்னிரக்கம்’ என்றால் நமக்குப் பிடிக்காது. “என்ரை விதி இப்பிடி” என்று மூலையில் இருந்து அழுவதைத்தான் அச்சொல் நினைவூட்டும். நான் சொல்ல வருவது அதுவல்ல, தன்மீது பரிவு. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்ரின் நெவ் 2003இல் இதைப் பற்றி எழுதியபோது மூன்று விடயங்களைச் சேர்த்தார். பிழை விடும்போது தன்னை வையாமல் அன்பாக நடத்துவது. இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உள்ளது என்று உணர்வது. வேதனையைப் பெருப்பிக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. தன்னிரக்கம் “எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கும். பரிவோ பக்கத்து வீட்டுக்காரியையும் சேர்த்துப் பார்க்கும்.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கடதாசி கொடுத்தேன். ஒரு பக்கத்தில், பிழை விட்டால் உங்களுக்கு நீங்களே சொல்வதை எழுதுங்கள். மறுபக்கத்தில், அதே பிழையை உங்கள் தங்கச்சி விட்டால் அவளுக்குச் சொல்வதை எழுதுங்கள். ஒருவர் முதற்பக்கத்தில் “நீ ஒண்டுக்கும் உதவாதவள்” என்றும், மறுபக்கத்தில் “பறவாயில்லை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பிறகு பாப்பம்” என்றும் எழுதியிருந்தார். வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். வாழைத்தோட்டம் செய்யும் ஓர் அம்மா, “கதலிக்குலையில ரெண்டு காய் வடுப்பட்டா முழுக்குலையையுமே எறியிறம்?” என்று கேட்டார். நீர்வேலியில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தையல் அக்கா மட்டும் கடதாசியை வெறுமையாக மடித்து வைத்துக்கொண்டார். சில கிழமைகள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடி சொன்னார்.

“நான்தான் அவரைத் தண்ணிக்குப் போகச் சொன்னனான்.”

முள்ளிவாய்க்காலில், 2009 மே மாதத்தில். போனவர் திரும்பவில்லை. அன்று தான் விட்ட பிழைக்குப் பிறகு, தனக்கு இன்னொரு பிழை விட உரிமையில்லை என்று அவர் மனதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்திருக்கிறது. கொலரும் தெறியும் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் வந்தன.

“உங்கட தங்கச்சி தன்ரை மனிசனைத் தண்ணிக்கு அனுப்பியிருந்தா அவவுக்கு என்ன சொல்லுவியள் அக்கா?” என்று கேட்டேன். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, “பிள்ளையளுக்குத் தண்ணி வேணும்தானே எண்டு சொல்லுவன்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். செல்லை ஏவியது அவரல்ல. அதை நான் சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருக்கமாட்டார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பப் பெண்களிடமும் இதே பாரம் உண்டு. கொஞ்சம் சிரித்தால், கொஞ்சம் நித்திரை கொண்டால் அவரை மறந்ததாகிவிடுமோ என்று பயப்படுவார்கள். தன்மீது பரிவு காட்டுவது மறதி அல்ல.

ஒருநாள் அழுகையோடு பழக்கம் போய்விடாது. ஆகவே நாங்கள் இருவரும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். எந்தத் தையலையும் ஒருமுறைதான் பிரிக்கலாம். இரண்டாம் முறை கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றினால், எது நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதைக் கொப்பியில் எழுதவேண்டும். “நாளைக்கு அந்தப் பிள்ளையின்ரை தாய் திருப்பிக்கொண்டு வருவா” என்று எழுதினார். அவர் வரவில்லை. முதற்கிழமை அக்காவுக்கு மிகுந்த சிரமம், கை அரிக்கிறது என்றார். ஒரு பாவாடை மட்டும் இடுப்பு இறுக்கமென்று திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் விட்டுக் கொடுத்தார். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னேன், ஏனென்றால் பயந்தது நடந்தும் வானம் இடிந்து விழவில்லை.

மூன்று மணி விழிப்புக்கு எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தலைமாட்டில் கடதாசியும் பேனையும் வையுங்கள். வந்த யோசனையை ஒரு வரியில் எழுதி, பின்னேரம் நான்கு மணிக்குப் பார்ப்பதாக ஒதுக்கிவிடுங்கள். நான்கு மணிக்குக் கட்டாயம் பார்க்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மனம் உங்களை நம்பாது. பிறகு மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிடக் கூடிய நேரம் எடுத்து வெளியே விடுங்கள். “பெருமூச்சு விடாதை” என்று பெரியவர்கள் ஏசுவார்கள். ஆனால் நீளமாய் விடும் மூச்சு நெஞ்சின் படபடப்பைக் குறைக்கிறது. மூச்சோடு முருகா என்றோ இயேசுவே என்றோ உங்களுக்குப் பழகிய நாமத்தைச் சொல்வதும் நல்லது. பேராசிரியர் சோமசுந்தரமும் அவரவர் சமயத்தில் உள்ள இவ்வாறான செபங்களை மனத்தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தியவர்.

கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி உதவாது. அது மனதின் பிரச்சினை அல்ல. காணி, கடன், உதவிப்பணம் என்பவற்றுக்கு உங்கள் கிராம அலுவலரையோ பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ சந்தியுங்கள். நீர்வேலிக்கு அது கோப்பாய்ப் பிரதேச செயலகம்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ சாப்பாடோ இல்லாமற் போனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. “விசர் எண்டு சொல்லுவினம்” என்று தயங்குபவர்கள் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தையல் அக்காவுடன் முதல் நாள் கிளினிக்குக்குப் போனவர் அந்த வாழைத்தோட்டத்து அம்மாதான்.