ஸ்பிரேயர் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லையா? உடைக்காதீர்கள்

இரண்டு டேங்க் அடித்ததும் பேட்டரி ஸ்பிரேயர் திணறுகிறதா? உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மருந்தடிப்பு முடிந்ததும் சார்ஜ் இல்லாமல் மூலையில் போட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பல பேட்டரிகள் இப்படித்தான் சாகின்றன. மீட்டரில் 12 வோல்ட்டுக்குச் சற்றே குறைவு என்றால், அதற்குரிய சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டுப் பாருங்கள், தேறலாம். 10-க்கும் கீழே மாதக்கணக்கில் கிடந்தது தேறுவது அரிது. அதே வோல்ட், அதே ஆம்பியரில் புதிது மாற்றுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த சார்ஜர் ஆகாது. உப்பியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம்.

பழையதை வரப்பில் உடைத்தால் ஈயம் மண்ணில் தங்கிவிடும், எளிதில் போகாது. சென்னை காத்திவாக்கம், எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியதால் மீனவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறோம். கழிவு கொட்டுவது சுலபம், அள்ளுவதுதான் கஷ்டம்.

2022-ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது நம் பொறுப்பு. கிராமத்துக் கடைகளில் இது இன்னும் பேச்சாகவே இல்லை என்பது என் எண்ணம். நீங்களே கேளுங்கள்: புதிது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு.