காட்டிற்குச் செல்லாத திணைப்பாடம்

திணையிலக்கணம் கற்பிக்காத தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. குறிஞ்சிக்குரிய நிலம் யாது என்று வினவினால், மலையும் மலை சார்ந்த இடமும் என்று உடனே விடையிறுக்காத மாணவரைக் காண்டல் அரிது. அம்மாணவரையே ஒரு மலைச்சாரலில் நிறுத்தி, 'எதிரே நிற்கும் இம்மரத்தின் பெயர் யாது?' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் வாய்திறவார். கடற்கரையூரில் பிறந்த பிள்ளை இவ்வாறு விழித்தால் அதில் வியப்பில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா எனக் குறிஞ்சியின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் குறிஞ்சியைப் பாடநூலில் தேடுவதுதான் வியப்பு. திணைப்பாடத்தை ஆண்டிற்கு ஒரு நாளேனும் வகுப்பறையினின்றும் வெளியேற்றிக் காட்டிற்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்புவது.

இது வெறும் உல்லாசப் பயணத்திற்காகச் சொல்லப்படுவதன்று. அகப்பாட்டின் உயிர்நிலை உள்ளுறையில் இருக்கிறது. உள்ளுறையோ கருப்பொருள்களைக் கொண்டே அமைவது. மந்தி பலாக்கனியை எவ்வாறு உண்ணும், மிளகுக்கொடி எம்மரத்தைத் தழுவி ஏறும், வண்டு எந்நேரத்தில் எப்பூவை நாடும் என்பவற்றைக் கண்ணாற் கண்டவனுக்கே தோழி கூறாமற் கூறும் பொருள் விளங்கும். காணாதவன் உரைநூலில் எழுதியிருக்கும் உட்பொருளை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பான். பரீட்சை முடிந்த மறுநாள் அதனை மறப்பான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்கள் தொண்ணூற்றொன்பதின் பெயர்களை நிரலாகச் சொல்கிறது. அப்பெயர்கள் அனைத்தையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பரிசு பெற்ற பிள்ளைகளை யான் அறிவேன். அவற்றுள் பத்துப் பூக்களைச் செடியிலோ மரத்திலோ கண்டு இன்னதென்று காட்டவல்ல பிள்ளையைக் காண்பது அரிது.

யான் வாழும் கடுகண்ணாவை இப்பாடத்திற்கு வாய்த்த முன்றில் என்பேன். கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் மலைநாட்டினுள் நுழையும் வாயில் இதுவே. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் இக்கணவாய் வழியே வீதி அமைத்த கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டு இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் வீதியோரத்தில் நிற்கிறது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. ரம்புக்கனையிலிருந்து மலையேறும் அவ்வண்டியின் சாளரத்தருகே அமர்ந்தவர், ஒருபுறம் அலகல்லை மலையையும் மறுபுறம் பள்ளத்தாக்கின் அப்பால் தனித்து நிற்கும் பத்தலேகலைக் குன்றையும் காண்பர். நிற்க. வீதியையும் இருப்புப்பாதையையும் விட்டுச் சிற்றொழுங்கை ஒன்றில் நூறு அடி நடந்தாற் போதும், குறிஞ்சி நம்மை எதிர்கொள்ளும். பலாமரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதனருகே கமுகும் கித்துளும். அவற்றின் நிழலில் கோப்பியும் சாதிக்காயும் கராம்பும். கண்டிப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் வீட்டுத் தோட்டம் இதுதான். பலாவும் மிளகும் சேர்ந்த சாரலைப் புலவர்கள் பாடக் கேட்டு மகிழும் நாம், அதே சாரல் நம் அண்டை வீட்டு வேலிக்குள் இருப்பதைப் பாராது போகின்றோம்.

இம்முன்றிலைக் கடந்து காட்டினுள் புக வேண்டுமாயின், கண்டி நகரிலேயே அதற்கோர் இடம் உண்டு. தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் மேட்டிலுள்ள உடவத்தகலே வனமே அது. மேலைத் தோட்டத்துக் காடு என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 104 ஹெக்டேர் பரப்புடைய இவ்வனம் கண்டியரசர் காலத்தில் பொதுமக்கள் புகலாகாத அரண்மனைக் காடாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. தமிழ் கற்றோர்க்கு இச்செய்தி புதிதன்று. அரணைச் சூழ்ந்த காவற்காட்டை மிளை என்று சங்கப் புலவர் பாடினர். பகைவர் படை புகாதபடியும், குடிகள் கோடரி எடுத்துச் செல்லாதபடியும் மன்னர் அதனைக் காத்தனர். மிளை என்னும் சொல்லை அகராதியிற் காட்டிப் பொருள் விளக்குவதினும், அரண்மனைக்குப் பின்னே அடர்ந்து நிற்கும் இக்காட்டின் வாயிலில் மாணவரை நிறுத்திச் சொல்வது எளிது.

உள்ளே சென்றால் நகரத்தின் ஓசை சிறிது சிறிதாகத் தேய்கிறது. வாகன இரைச்சல் முதலில் மங்கும்; பின்னர் மணியோசை மட்டும் வரும்; சற்று நேரத்தில் அதுவும் இல்லை. உதிர்ந்த இலைமீது நம் காலடி விழும் ஓசை நமக்கே பெரிதாகக் கேட்கும். குக்குறுவான் ஒரு கிளையிலிருந்து கூப்பிடும். மற்றொன்று தொலைவிலிருந்து விடைகூறும். மரத்திற்கு மரம் தாவிப் பின்னிய பெருங்கொடிகள் ஊஞ்சல்போல் தொங்கும். மழைக்காலமாயின் அட்டையும் நம்மை நலம் விசாரிக்கும். இவ்வமைதியை நாடியே துறவியர் சிலர் இங்குக் குடில் அமைத்தனர். ஜெர்மனியிற் பிறந்த ஞானபொனிக்க தேரர் 1952 முதல் 1994இல் மறையும்வரை இவ்வனத்துக் குடிலிலேயே தங்கிப் பௌத்த நூல்களை ஆராய்ந்து எழுதினார். காடு ஒரு கல்விச்சாலை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காடு வேறொரு பாடமும் புகட்டுகிறது. இங்குள்ள மரங்கள் யாவும் இம்மண்ணிற்கே உரியன அல்ல. மகோகனியும் தென்னமெரிக்காவைச் சேர்ந்த பால்சம் மரமும் வெளியிலிருந்து வந்து இங்கு வேரூன்றின. பால்சம் மரத்தின் கன்றுகள் நெருக்கமாக முளைத்து, நாட்டு மரங்களின் கன்றுகளுக்கு இடமின்றிச் செய்கின்றன. வந்த மரமெல்லாம் பகை என்று யான் கூறேன். வந்த மிளகாயை நாம் வெறுத்தோமா? தன் நிழலில் பிறிதொன்றை முளைக்கவிடாத மரமே பகை. மொழியில் வந்து சேரும் சொற்களைப் பற்றியும் பண்டிதர்கள் இந்த அளவுகோலைக் கொள்ளுதல் நன்று.

மலைநாட்டுத் தமிழ் மாணவர்க்குக் காட்டோடு மற்றொரு தொடர்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டியவை தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக அழைத்துவரப்பட்ட ஏழைகளின் கைகள். நிலமும் இலாபமும் பிறருடையன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தது; தேயிலை எழுந்தது; காடு மீளவில்லை. அம்மக்களின் பேரப்பிள்ளைகள் தேயிலை நிலத்தையே 'மலை' என்கின்றனர். 'மலைக்குப் போகிறேன்' என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்பது பொருள். இதனைக் கொச்சை என்று சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு நூற்றாண்டின் வரலாறு ஒரு சொல்லில் ஒடுங்கிக் கிடக்கும்போது அதனை அழிப்பது கல்வியாகுமா? அப்பிள்ளை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹோட்டன் சமவெளியில் நீலமாய்ப் பூக்கும் 'நெலு' என்னும் செடியைப் பற்றிக் கேட்டறிந்திருப்பான். அது நம் குறிஞ்சியின் இனமே என்று சொல்லிக்கொடுக்கும் கடமை நம்முடையது.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். திணை என்பது புலனெறி வழக்கு. அதற்கும் மரம் செடிகளின் ஆராய்ச்சிக்கும் தொடர்பில்லை என்பர் சிலர். புலனெறி வழக்கு உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் சார்ந்தது என்றே தொல்காப்பியர் வகுத்தார். நாடகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகியலைத் தள்ளுவது இலக்கணமாகாது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பர் வேறு சிலர். ஒரு நாட் காலையில் விளங்கும் உள்ளுறை, பத்து நாள் விளக்கத்தை மிச்சப்படுத்தும். அது சிங்களவர் காடு. ஆங்கே தமிழ்ப் பாடத்திற்கு என்ன வேலை என்று கேட்பாரும் இருக்கக்கூடும். மரங்கள் மொழி பார்த்து நிழல் தருவதில்லை. விகாரை முற்றங்களில் வெண்மலர் பூக்கும் 'நா' மரம் நம் நாகமே. 'சபு' நம் சண்பகமே. அண்டை வீட்டாரின் பெயரையும் நம் பெயரையும் அருகருகே வைத்துக் கற்பிக்கின், தமிழும் வளரும், அயலன்பும் வளரும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் இலக்கியக் கழகத்தாருக்கும் யான் வைக்கும் வேண்டுகோள் எளியது. அருகில் எஞ்சியிருக்கும் ஒரு சிறு காட்டையேனும் தெரிந்தெடுங்கள். செல்வதற்கு முன் பத்து மரங்களின் தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் அறிந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியும் பொலித்தீன் பையும் வேண்டா. பேச்சும் சொற்பொழிவும் வெளியே இருக்கட்டும். உள்ளே சென்றபின் அரைமணி நேரம் ஒருவரும் வாய்திறவாது இருக்கட்டும். கேட்டதையும் கண்டதையும் பிள்ளைகள் தத்தம் சொல்லில் எழுதட்டும். தோட்டத்துச் சொல் வந்தால் அது இருக்கட்டும். அதன்பின் அகப்பாட்டைத் திறந்து படியுங்கள்.

காடு அழிந்தால் மழை குறையும் என்று எல்லோரும் அறிவர். அதனோடு சொல்லும் குறையும். காணப்படாத மரத்தின் பெயர் இரண்டு தலைமுறை உரைநூலில் உயிர்வாழும். மூன்றாந் தலைமுறையில் அது 'ஒருவகை மரம்' என்று அகராதியில் எழுதப்படும். நம் அகராதிகளில் அவ்வாறு எழுதப்பட்ட பெயர்கள் ஏற்கனவே மிகப் பல. இனியும் ஒன்று அவ்வரிசையிற் சேராதபடி காப்பது தமிழாசிரியன் தொழிலுள் ஒரு பகுதியே.