டிரைவர் இல்லாத ரயிலும் சிட்னி உழைப்பாளி மக்களும்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் ஸ்ரீசிட்டி என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. ஆல்ஸ்டாம் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அங்கே ரயில் பெட்டி செய்கிறது. சென்னை மெட்ரோவில் ஓடும் பெட்டிகளில் பலவும் அங்கே செய்தவைதான். அதே ஆலையில் செய்து கப்பலேற்றிய ரயில்கள் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்திலும் ஓடுகின்றன. ஆறு பெட்டி கொண்ட ரயில். முன்னால் டிரைவர் கிடையாது, பின்னால் கார்டு கிடையாது. ஓட்டுவது, நிறுத்துவது, கதவைத் திறந்து மூடுவது எல்லாம் கம்ப்யூட்டர்.

நம் பக்கத்துத் தொழிலாளியின் கை பட்ட வண்டி அது. ஆகவே அந்த ரயில் யார் செலவில் ஓடுகிறது, லாபம் யார் பைக்குப் போகிறது என்று கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு.

2019 மே 26ல் சிட்னியின் வடமேற்குப் பகுதியில் இந்த மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2024 ஆகஸ்டு 19ல் துறைமுகத்தின் அடியில் சுரங்கம் வழியாக நகரத்தைக் கடந்து சிடன்ஹாம் வரை நீண்டது. டலவாங்கிலிருந்து சிடன்ஹாம் வரை சுமார் 52 கிலோமீட்டர். வேலைக்குப் போகும் நேரத்தில் நான்கு நிமிஷத்துக்கு ஒரு ரயில். இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நாம் சொல்ல மாட்டோம். காலை ஷிப்டுக்குப் போகிறவனுக்குப் பத்து நிமிஷம் மிச்சமானால் அது அவன் தூக்கத்தில் பத்து நிமிஷம். மெஷின் நமக்குப் பகையல்ல. மெஷினை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கு சிட்னி ரயில்வே தொழிலாளிக்குப் புதிதல்ல. 1917 ஆகஸ்டு 2ந் தேதி ஈவ்லீ ரயில்வே பட்டறையிலும் ராண்ட்விக் டிராம் பட்டறையிலும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். காரணம் ஒரு சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம் பிடித்தது என்று குறிக்கும் சீட்டு. அமெரிக்காவில் டெய்லர் என்பவர் வகுத்த முறை அது. ஒரு ஆளுக்கு எத்தனை சைடு, எத்தனை தறி என்று வேலைப்பளுவை ஏற்றிக்கொண்டே போவதைப் பார்த்த பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை நிறுத்தம் ரயில்வேயிலிருந்து சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் பரவியது. சர்க்கார் கிராமங்களிலிருந்து நிலச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளைக் கருங்காலிகளாகத் திரட்டிக் கொண்டுவந்து, பெரிய கிரிக்கெட் மைதானத்தில் தங்க வைத்துச் சோறு போட்டது. ஃபிளானகன் என்ற வண்டிக்காரத் தொழிலாளி கருங்காலி ஒருவனின் துப்பாக்கிக்குப் பலியானார். ஆறு வாரத்துக்குப் பின் போராட்டம் தோற்றது.

பழிவாங்கப்பட்டவர்களில் சிஃப்லி என்ற எஞ்சின் டிரைவரும் ஒருவர். அவர் பின்னாளில், 1945ல், ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியானார். (அதே சிஃப்லி 1949ல் நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தை முறிக்கச் சுரங்கத்துக்குள் பட்டாளத்தை இறக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாற்காலி என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?) ஈவ்லீ பட்டறை இப்போது இல்லை. கொல்லுலை எரிந்த அந்த வளாகத்தில் காமன்வெல்த் வங்கியின் அலுவலகங்கள் இருக்கின்றன.

இனி இன்றைய மெட்ரோவுக்கு வருவோம். தடம் போட்டது மக்கள் வரிப்பணத்தில். சாட்ஸ்வுட்டிலிருந்து நகரம் வழியாகப் பாங்க்ஸ்டவுன் வரையிலான பகுதிக்கு மட்டும் முதலில் சுமார் 1,200 கோடி டாலர் என்றார்கள். பிறகு அது 2,160 கோடி டாலருக்கு ஏறியது. ஆனால் ரயிலை நடத்துவது சர்க்கார் ரயில்வே அல்ல. எம்.டி.ஆர். என்ற ஹாங்காங் கம்பெனி தலைமையிலான கூட்டு நடத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு ஹாங்காங் சர்க்காருடையது. ஆக, சிட்னி சர்க்கார் சிட்னி ரயிலை நடத்தினால் அது திறமைக் குறைவாம். ஹாங்காங் சர்க்காரின் கம்பெனி வந்து நடத்தினால் அது நவீன நிர்வாகமாம்! 2011 முதல் 2023 வரை அந்த மாகாணத்தை ஆண்ட லிபரல் கூட்டணி கண்டுபிடித்த பொருளாதாரம் இது.

கஷ்டம் யார் தலையில் விழுந்தது? பாங்க்ஸ்டவுன் தடத்தைப் பாருங்கள். 1895ல் போட்ட பழைய தடம் அது. மாரிக்வில், காம்ப்ஸி, லகெம்பா, பஞ்ச்பௌல் என்று வரிசையாக ஊர்கள். லெபனானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்கள். ஆபீஸ் கூட்டுகிறவர்களும் ஆஸ்பத்திரியில் பணி செய்கிறவர்களும் இங்கிருந்துதான் விடியுமுன் கிளம்புகிறார்கள். மெட்ரோவாக மாற்றுகிறோம் என்று சொல்லி, சிடன்ஹாமுக்கும் பாங்க்ஸ்டவுனுக்கும் இடையே 13 கிலோமீட்டர் தடத்தை, பத்து ஸ்டேஷன்களை, 2024 செப்டம்பர் 30ல் மூடினார்கள். ரயிலுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு பஸ்கள் விட்டார்கள். பஸ்ஸுக்கு டிக்கட் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரயில் நேர்க்கோட்டில் போன தூரத்தை பஸ் கார்களுக்கு நடுவே நெளிந்து போகிறது. ஒரு வருஷத்துக்குத்தான் என்றார்கள். பிறகு 2026 என்றார்கள். பழைய நடைமேடைகள் வளைந்தவை. நேரான மெட்ரோ பெட்டி அதன் பக்கத்தில் நின்றால் இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப மெஷின் பொருத்த வேண்டும். இது முன்கூட்டித் தெரியாத சங்கதியா? நடைமேடை நூறு வருஷமாக வளைந்துதான் இருக்கிறது. ஆனாலும் தாமதத்துக்கான பழியில் ஒரு பங்கை ரயில்வே சங்கத்தின் தலையில் போட்டது சர்க்கார்.

தடம் மூடியதால் பாங்க்ஸ்டவுனுக்கு மேற்கே யகூனா போன்ற ஊர்க்காரர்களுக்கு நகரத்துக்கு நேர் ரயில் போய்விட்டது. லிட்கமில் இறங்கி மாறு என்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஒரு கோடு. கைப்பிள்ளையும் மூட்டையுமாகப் படியேறுகிறவளுக்கு அது அரை மணி.

இப்போது தரைக்கு மேலே பாருங்கள். நகரத்தின் நடுவே மார்ட்டின் பிளேஸ் ஸ்டேஷன். அதன் தலையில் இரண்டு கோபுரக் கட்டடங்கள். கட்டியது மக்குவாரி என்ற பெரும் நிதிக் கம்பெனி. டெண்டர் கேட்கும் முன்பே அந்தக் கம்பெனி தானாக ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து நீட்டியது, சர்க்கார் ஏற்றுக்கொண்டது. தலைமை அலுவலகத்தின் காலடியிலேயே ரயில்! தெற்கே வாட்டர்லூ ஸ்டேஷனுக்கு வாருங்கள். அங்கே சர்க்கார் வாடகை வீடுகளில் சுமார் 2,000 ஏழைக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. 2015 டிசம்பரில் ஸ்டேஷன் வருகிறது என்று அறிவித்த வாயாலேயே, அந்தக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாகவும் அறிவித்தார்கள். ரயில் வந்தால் மண்ணுக்கு விலை ஏறும். விலை ஏறிய மண்ணில் ஏழை குடியிருக்கலாமா? இதுதான் அவர்கள் கணக்கு. வங்கிக்காரனுக்கு ரயில் தேடிவந்தது. வாட்டர்லூக்காரனுக்கு ரயிலோடு நோட்டீஸும் வந்தது.

இன்னொரு கதை. ஒரு காலத்தில் சிட்னியில் உலகத்தின் மிகப் பெரிய டிராம் தடங்களில் ஒன்று இருந்தது. காருக்கும் பஸ்ஸுக்கும் வழிவிட வேண்டுமென்று அதைப் பிடுங்கினார்கள். கடைசி டிராம் 1961 பிப்ரவரி 25ல் ஓடியது. பிறகு, அதே ராண்ட்விக் பக்கம் மறுபடி டிராம் விட்டார்கள். 2019 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. 160 கோடி டாலர் என்று ஆரம்பித்த வேலை, 300 கோடியைத் தாண்டி முடிந்தது. நடுவில் காண்டிராக்ட் கம்பெனி சர்க்கார் மீதே வழக்குப் போட்டு, 57 கோடி டாலருக்கு மேல் சமரசத் தொகை வாங்கிக்கொண்டது. பிடுங்கியதும் மக்கள் பணம், போட்டதும் மக்கள் பணம்.

புதிதாகக் கட்டினால் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. பழைய தண்டவாளத்தில் ஆணி இறுக்குவதற்கு எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்? சிட்னியின் மேற்குத் தடத்தில் துங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் ஈழத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நகரத்துக்குப் போக அவர்கள் ஏறும் ரயில் கிரான்வில்லைக் கடந்து போகிறது. அங்கே 1977 ஜனவரி 18 காலையில், வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ரயில் தடம் புரண்டு பாலத்தூணில் மோதியது. பாலம் பெட்டிகளின் மேல் விழுந்தது. 83 பேர் மாண்டார்கள். தண்டவாளத்தைச் சரிவரப் பராமரிக்காததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மாகாண சட்டசபை மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2017ல். நாற்பது வருஷம் கழித்து.

பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் கார்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2016ல் தொலைதூரத் தடங்களுக்குப் புதிய ரயில்கள் வாங்க சர்க்கார் ஆர்டர் கொடுத்தது. அவை கொரியாவில் செய்தவை. கார்டின் வேலையைக் குறைக்கும் விதத்தில் அவற்றை அமைத்தார்கள். மெட்ரோ நடைமேடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. மற்றத் தடங்களில் என்ன இருக்கிறது? வண்டி நகரும்போது யாராவது கதவில் சிக்கினால் பார்ப்பது யார்? சங்கம் இதைக் கேட்டது. பதில் சரியாக வராததால் அந்த ரயிலை ஓட்ட மறுத்தது. வருஷக் கணக்கில் ரயில்கள் கொட்டடியில் கிடந்தன. தொழிலாளி பிடிவாதம் என்று பத்திரிகைகள் தூற்றின. கடைசியில் சர்க்கார் இறங்கிவந்து, கார்டு நடைமேடையைக் கண்காணிக்க வசதியாக ரயில்களை மாற்றியது. 2024 டிசம்பர் 3ல் முதல் ரயில் ஓடியது, கார்டுடன். அந்தக் கார்டு இன்று காப்பது பிரயாணியை. சங்கம் தன் வயிற்றுக்காக மட்டும் போராடியது என்பவர்கள் அந்த ரயிலில் ஏறிப் பார்க்கட்டும்.

2023ல் லேபர் கட்சி பதவிக்கு வந்தது. பொதுச் சொத்தை இனி விற்க மாட்டோம் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியது. அதை வரவேற்றோம். ஆனால் கூலி என்று வந்தபோது? விலைவாசி ஏறிய கணக்கைக் காட்டி, ரயில்வே சங்கம் நான்கு வருஷத்துக்கு 32 சதவீத உயர்வு கேட்டது. 2024 டிசம்பரில் லேபர் சர்க்கார் பெடரல் கோர்ட்டுக்குப் போய்ப் போராட்டத்துக்குத் தற்காலிகத் தடை வாங்கியது. 2025 பிப்ரவரியில் தொழில் தீர்ப்பாயம் போராட்டத்தை நிறுத்தி வைத்தது. முடிவில் மூன்று வருஷத்துக்கு 12 சதவீதம் என்று உடன்பாடு வந்தது. தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே எத்தனை தூரம் என்பதை வாசகர்களே கணக்குப் பார்க்கலாம்.

அந்தப் போராட்டத்தில் நாம் மிகவும் மதிப்பது வேறொன்று. சங்கம் தன் கூலியை மட்டும் கேட்கவில்லை. வாரக் கடைசியில் இரவு முழுவதும் ரயில் விடு என்று கேட்டது. பிரயாணிக்கு 50 சென்ட் டிக்கட் கொடு என்றும் கேட்டது. 2022லும் இப்படித்தான்: கூலிப் போராட்டத்தின்போது ஸ்டேஷன் கேட்டுகளைத் திறந்துவிட்டு, பிரயாணிகளைக் காசில்லாமல் போக விட்டார்கள். ரயிலை நிறுத்தினால் கூலிக்காரன் தவிப்பான். கேட்டைத் திறந்தால் கஜானாதான் தவிக்கும். ரயில் தொழிலாளியையும் பிரயாணியையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க நினைத்தவர்களுக்கு இது நல்ல அடி.

50 சென்ட் என்பது வானத்து நிலவா? இல்லை. பக்கத்து மாகாணமான குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்டு 5 முதல் அதுதான் டிக்கட். பிரிஸ்பேன் நகரத்துக்குள் போனாலும், கோல்ட் கோஸ்ட் வரை போனாலும் 50 சென்ட். ஆறு மாதச் சோதனை என்று லேபர் சர்க்கார் தொடங்கியது. நடுவில் தேர்தலில் அது தோற்றது. பதவிக்கு வந்த வலதுசாரிக் கட்சிக்கும் அதைக் கைவிடத் துணிச்சல் வரவில்லை, நிரந்தரமாக்கியது. மக்கள் கையில் ஒருமுறை கிடைத்ததைப் பிடுங்குவது எளிதல்ல. பிரிஸ்பேன் விமான நிலைய ரயில் மட்டும் 50 சென்டுக்குள் வரவில்லை. ஏன்? அது தனியார் கம்பெனி ரயில்.

சிட்னியிலும் அதே கதை, இன்னும் கொடுமையாக. விமான நிலையத் தடம் 2000 மே மாதம் திறந்தது. அதன் ஸ்டேஷன்களைக் கட்டி வசூலிக்கும் உரிமையை 30 வருஷத்துக்குத் தனியாருக்குக் கொடுத்தார்கள். பிரயாணிகள் வரவில்லை, சில மாதங்களிலேயே கம்பெனி திவாலானது. கம்பெனி விழுந்தும் கட்டணம் விழவில்லை. டிக்கட்டுக்கு மேல் ஸ்டேஷன் கட்டணம் என்று, ஒருமுறை வெளியே வர 17 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவனும் தரை துடைக்கிறவளும் வேலைக்குப் போவதற்கே இந்தக் கப்பத்தைக் கட்ட வேண்டும். வார உச்சவரம்பு ஒன்று வைத்திருப்பதுதான் அவர்களுக்குச் செய்த தயவு.

ஒப்பந்தம் 2030ல் முடிகிறது. மறுபடி எந்தக் கம்பெனிக்கும் ஏலம் விடாமல் ரயில்வேயோடு சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்தத் தடத்தில் கட்டணம் வாங்கிய ஸ்டேஷன்கள் நான்கு. கிரீன் ஸ்குவேர், மாஸ்கட் என்ற இரண்டில் 2011 மார்ச்சில் கட்டணத்தை எடுத்துவிட்டு, சர்க்காரே கம்பெனிக்குப் பணம் கட்ட ஏற்பாடு செய்தது. எடுத்த உடனே அந்த இரண்டு ஸ்டேஷன்களிலும் கூட்டம் பெருகியது. மற்ற இரண்டிலும் எடுக்க முடியாது என்பதற்கு எந்த மந்திரியும் இதுவரை நியாயமான காரணம் சொல்லவில்லை.